அவஸ்தை எண்ணெய்

எண்ணூரில் கதவைச் சாத்தினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வராது என்று நம்புகிறவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். ஃப்ளோரன்ஸ் அங்கேயே பிறந்தவள். தெரிந்தும் அன்று மத்தியானம் ஜன்னலை இறுக்கிச் சாத்தி, வாசல் கதவின் அடியில் ஈரத்துணியைத் திணித்து, தாழ்ப்பாளும் போட்டாள். அவள் பயந்தது சாம்பலுக்கு அல்ல, ஃபாதருக்கு.

கட்டிலில் அவள் புருஷன் ஜேக்கப் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஒரே பேச்சு: "ஃபாதரைக் கூப்புடு ஃப்ளோரா. அவஸ்தை வாங்கினு போய்டறேன்." சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதைத்தான் கோயில்காரர்கள் அவஸ்தை என்பார்கள். மாமனார் வாங்கினார், போனார். அவள் அண்ணன் வாங்கினான், அன்றைக்கே போனான். எண்ணெய் பூசி எழுந்து நடந்த ஒருவரையும் அவள் கண்டதில்லை. அந்த எண்ணெய்தான் ஆளைக் கொண்டுபோகிறது என்று முடிவுகட்டிவிட்டாள். பைத்தியக்காரி, வேறு எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள்?

"கதவைத் தொற, ஃப்ளோரன்ஸு!" பக்கத்து வீட்டு ஞானசெல்வி தட்டினாள். "ஃபாதரு வந்துகீறாரு."

"உன்னை யாருக்கா கூப்புட சொன்னது? அவரு நல்லா கீறாரு. போவ சொல்லு!"

"அவரே கேட்டாராமேம்மா," என்றது ஃபாதரின் குரல்.

"அவருக்கு இன்னா தெரியும்? ஜொரத்துல பேத்துறாரு."

ஜேக்கப் கையைத் தூக்கிக் கதவைக் காட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் உட மாட்டேன்யா. நீ எங்கியும் போவாத."

ஜெபமெல்லாம் மறந்துவிட்டது. வெளியே அவர்கள் தட்டத் தட்ட, இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இழுப்பு நின்றது. எத்தனையோ நாளைக்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. ஃப்ளோரன்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"பாருங்க ஃபாதர், தூங்கறாரு! எண்ணெயே இல்லாம இழுப்பு நின்னுபோச்சு!"

ஃபாதர் கட்டிலருகே குனிந்தார். அத்தனை சாத்தியும் ஜேக்கப்பின் இமை மேல் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், மூக்கருகே விரலை வைத்தார். கையிலிருந்த எண்ணெய்ச் சிமிழை மூடினார்.

"உயிர் இருக்கும்போதுதாம்மா இதைப் பூசலாம்."

ஞானசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃப்ளோரன்ஸ் சிமிழையே பார்த்தாள். அவன் அவளிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். பாய்ந்து ஃபாதரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசுங்க ஃபாதர், கேட்டுகினே இருந்தாரு. அதான் கதவைத் தொறந்துட்டேனே!"