பின்னால் நிற்பவருக்கான பை

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. புகைப்படக்காரர்கள் வாசிக்கும் ஒரு மாத இதழ், கேமராவும் லென்ஸும் சுமக்க வசதியான பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னது. எனக்குக் கேமரா தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவளுக்கும் அந்த வாரம் ஒரு பை வாங்க வேண்டியிருந்தது. கூடப் போனால் கட்டுரை கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் வாக்கியம்: "நல்ல பை, தான் முதுகில் இருப்பதையே மறக்க வைக்கும்."

அடித்து நீக்கிவிட்டேன்.

இரண்டாவது: "அக்காவின் பழைய பையில் ஒரு குறையும் இல்லை, அதன் இரண்டு பட்டைகளும்

[முடிக்க முடியவில்லை. பிறகு வருகிறேன்.]

2

அக்கா, விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பவள். காலி அறைகள், ஜன்னல் வெளிச்சம், சமையல் மேடை. தரகர் சாவியைக் கொடுப்பார். அவளும் மாமாவும் போவார்கள். மாமா, அவள் கணவர். பையைச் சுமப்பது அவர் வேலை.

பையைக் கீழே வைக்க மாட்டார்கள். பிறர் வீட்டுத் தரையில் தடம் விழக்கூடாது என்பது தொடக்கத்தில் காரணம். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் அக்கா, "திரும்புங்க" என்பாள். அவர் சுவரைப் பார்த்து நிற்பார். அவர் முதுகில் இருக்கும் பையைத் திறந்து, ஒன்றை வைத்து, ஒன்றை எடுத்து, ஜிப்பை மூடி, பையின் மேல் ஒரு தட்டு தட்டுவாள். தட்டினால் நகரலாம் என்று பொருள்.

"உங்க அக்காவுக்கு நான் புருஷன் இல்லடா, பீரோ," என்பார் மாமா.

"பீரோ பேசாது," என்பாள் அக்கா. "திரும்புங்க."

(இது நான் இட்டுக்கட்டியது அல்ல. எனக்கு இவ்வளவு நன்றாக வராது.)

3

பட்டைகள்.

லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டடம். மாமா படியில் முகங்குப்புற விழுந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவரை மல்லாத்திப் படுக்கவைப்பதற்காகப் பையின் பட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். அவர் பிழைக்கவில்லை. பைக்குள் ஒரு லென்ஸில்கூடக் கீறல் இல்லை.

கடைசி வாக்கியம் கட்டுரைக்கு மிகவும் பொருத்தமானது. ஒரு பையைப் பற்றி இதைவிட நல்லதாகச் சொல்ல முடியாது. கட்டுரையை அங்கேதான் நிறுத்தினேன்.

இதயம் என்றார் மருத்துவர். சுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். அக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்: "ட்ரைபாடையாவது* நான் தூக்கியிருக்கலாம் இல்லடா?"

என் பதிலைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

* கேமராவை நிறுத்தும் மூன்று கால் தாங்கி. பையில் மாட்டலாம். கையிலும் பிடித்துக்கொண்டு ஏறலாம்.

4

தரகர் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். பிறகு, "திங்கட்கிழமை ஒரு வீடு இருக்கு மேடம். உங்களால முடியலன்னா வேற ஆளப் பாக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

நல்ல மனிதர். வேறு ஆள் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்த ஆள்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

"வர்றேன்," என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு, பட்டை வெட்டுப்பட்ட பையை எடுத்துப் பார்த்தாள்.

[இந்தக் கதையில் கேள்வி இதுதான்: திங்கட்கிழமை அவள் போவாளா? வேறொன்றும் பெரிதாக நடக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.]

5

கடைச் சுவர் முழுக்கப் பைகள். விற்பனைப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். எடை தோளில் நிற்கக்கூடாது, இடுப்புக்கு இறங்க வேண்டும். முதுகுப் பக்கம் காற்றுப் போக வேண்டும். கட்டுரைக்காக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அக்கா ஒரு பையை எடுத்து அவளிடம் நீட்டினாள். "நீங்க மாட்டிக்கோங்க."

மாட்டிக்கொண்டாள்.

"திரும்புங்க."

திரும்பினாள். அக்கா ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். "இது பரவால்ல."

அடுத்த பை. "இதுல கை மடங்குது. வேணாம்."

அடுத்தது. அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள். "மேடம், பை உங்களுக்குத்தானே? நீங்க மாட்டிப் பாக்கவே இல்லயே?"

அக்காவின் கை பைக்குள்ளேயே நின்றது. இத்தனை வருட வேலையில் அவள் ஒரு கேமராப் பையைக்கூட முதுகில் போட்டதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் நிற்பவரின் வசதி.

"தனியாவா வேலை பாக்குறீங்க?" என்றாள் அந்தப் பெண். "அப்ப இதப் பாருங்க. ஒத்தத் தோள்ல போடுறது. ஒரு இழு இழுத்தா முன்னாடி வந்துரும். யாரும் கூட வேணாம்."

அக்கா போட்டுக்கொண்டாள். இழுத்தாள். பை நெஞ்சுக்கு வந்தது. திறந்தாள். எல்லாம் கைக்கு எட்டியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், மருத்துவமனைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

ஜிப்பை மூடினாள். பழக்கத்தில் ஒரு தட்டு தட்டினாள். அது அவள் நெஞ்சிலேயே விழுந்தது.

(பைக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு என்றும் அந்தப் பெண் சொன்னாள். அதை எடுத்துவிட்டேன். கதையில் வைத்தால் செயற்கையாகத் தெரியும்.)

6

முடிவு ஒன்று. அக்கா அந்த ஒற்றைத்தோள் பையை வாங்குகிறாள். திங்கட்கிழமை தனியாகப் போகிறாள். இதழுக்கு இது பிடிக்கும். அவள் தட்டியதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கும் பிடித்திருக்கும்.

முடிவு இரண்டு. எதுவும் வாங்காமல் வெளியே வருகிறோம். வெளியே மழை

மழை பெய்யவில்லை. அழுகையை எழுதத் தெரியாதபோது மழையை எழுதுகிறேன்.

7

பழைய பையின் அதே ரகம் அங்கே தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"கழட்டுடா," என்றாள் அக்கா.

"சும்மா பாருக்கா."

"நாலு புத்தகம் தூக்குனாலே ஊரக் கூட்டுவ. உனக்கு எதுக்குடா இது?"

"திங்கட்கிழமைக்கு மட்டும். ட்ரைபாட நீ தூக்கிக்கோ."

விற்பனைப் பெண் பட்டையை என் உயரத்துக்கு இழுத்துவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டாள். பையில் வைத்துப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்த கேமராவையும் லென்ஸ்களையும் அக்கா துணிப்பையிலிருந்து எடுத்தாள்.

"திரும்புங்க," என்றாள்.

(எழுத்துப்பிழை இல்லை. என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.)

சுவரைப் பார்த்து நின்றேன். ஜிப் திறந்தது. ஒரு லென்ஸ். பட்டை தோளில் கொஞ்சம் அழுந்தியது. இன்னொன்று. பிறகு கேமரா. பிறகு எதுவும் வரவில்லை. ஜிப்பும் மூடவில்லை. அவள் கை மட்டும் உள்ளே இருந்தது. அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

8

இதற்கு மேல் எழுத முடியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நடப்பதை எப்படி எழுதுவேன்? திரும்பிப் பார்க்கலாம். நான் திரும்பினால் பையும் திரும்பிவிடும். அவள் கை வெறும் காற்றில் நிற்கும்.

நீங்கள் அவள் பக்கத்தில் நிற்கிறீர்கள். அவள் முகம் உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம்.

அவள் தட்டினால் திங்கட்கிழமை உண்டு.

அதுவரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.