தீபிகா சொல்லாத வாசகம்

இளவரசன் நாலரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் இன்னும் வந்திருக்கவில்லை. பாலில்லாமலே டீ போட்டுக் குடித்தான். இரண்டு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பினான். நாலு இட்லியைப் பொட்டலம் கட்டினான். கேஸை மூடினான், மோட்டார் சுவிட்சைப் பார்த்தான், ஷூ நாடாவைக் கட்டினான், கதவைப் பூட்டினான். ஓரிக்கையிலிருந்து பைக்கில் கிளம்பி, ஐந்தரைக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற வேனை அடைந்தான்.

அக்கா அலமு முந்தின நாளே போனில் தடுத்துப் பார்த்திருந்தாள். "பொண்டாட்டி செத்து வருஷம் திரும்பல. இதுக்குள்ள மலை ஏறுவாங்களாடா யாருனா?"

"நான் ஏறுவேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

மாதம் ஒரு ஞாயிறு மலை ஏறும் கூட்டம் அது. ஒரகடம் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் பட்டுக்கடைகளின் கம்ப்யூட்டர் அறைகளிலும் வாரம் முழுக்க உட்கார்ந்தே கிடக்கிறவர்கள், பெயர் கொடுத்து, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் கமலும் இளவரசனின் மனைவி தீபிகாவும் சேர்ந்து ஆரம்பித்தது. கமல் முன்னால் நடப்பான். தீபிகா கடைசி ஆள். கடைசி ஆளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: யாரையும் முந்தக்கூடாது. எவராவது முடியவில்லை என்று திரும்பினால் அவரோடு தானும் இறங்கிவிட வேண்டும். அதனால் தீபிகா பாதி மலைகளின் உச்சியைப் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

பத்து மாதத்துக்கு முன் டெங்கு வந்து ஐந்தாம் நாள் இறந்துபோனாள். இன்று அவளுக்கான நினைவு நடை.

வேன் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய டி-ஷர்ட் இருந்தது. அரக்கு நிறம். கமல் ஒன்றை உதறி அவனிடம் நீட்டினான். முதுகில் மஞ்சள் எழுத்து: "நிக்காதீங்க, ஏறிக்கினே இருங்க – தீபிகா."

"இன்னா இது?"

"அண்ணி கடைசியா சொன்னது ப்ரோ."

"உனக்கு யார் சொன்னாங்க?"

"நீங்கதான்." கமல் போனில் வெகுதூரம் பின்னால் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினான். காரியம் நடந்த வாரம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'நிக்காதீங்க, ஏறிக்கினே இருங்கன்றதுதான் அக்காவோட கடைசி வார்த்தையாம். கரெக்டா அண்ணா?' அதற்குக் கீழே இளவரசன் போட்ட கட்டைவிரல் குறி.

அந்த வாரம் அவன் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டான். இரங்கல் செய்திக்கு, கூரியர் வந்ததற்கு, கரண்ட் பில்லுக்கு. ஒன்றையும் படிக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான். படிக்காம போட்டேன். அவ அப்படிச் சொல்லல."

கமல் தலையைச் சொறிந்தான். "இருபத்திரெண்டு பீஸ் அடிச்சாச்சு ப்ரோ. அதுவும் இல்லாம, கேக்க நல்லாத்தானே இருக்குது? அண்ணி சொல்லக்கூடியதுதானே?"

"இல்ல."

"சரி, அதை விடுங்க. இன்னொரு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க. மேல கோயில் இருக்குது. உங்களுக்கு வருஷம் திரும்பல. ரெண்டு பேர் வீட்ல கேட்டுட்டாங்க. நீங்க அடிவாரத்துல வேன்கிட்ட இருந்துடுங்க. நாங்க மேல போயி அண்ணியைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசி வீடியோ அனுப்பறோம்."

"என் பொண்டாட்டிக்கு நடக்கற நடை. அவ பேசாத பேச்சு மேல ஏறும், நான் கீழ இருக்கணுமா?"

வேனுக்குள்ளிருந்து கிறிஸ்டோபர் தலையை நீட்டினான். இன்சூரன்ஸ்காரன், கூட்டத்தின் முதல் நாளிலிருந்து வருகிறவன். "கமலு, என்னை நாலு வருஷமா ஏத்திக்கினு போற. அந்த ஐயரு குடுக்கற சுண்டலை உன்னைவிட நான்தான் அதிகமா தின்னுருக்கேன். இவரை நிறுத்துவியா? இன்னா நியாயம்பா இது?"

உள்ளே சிரிப்பு எழுந்தது. கமலுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. "வீட்ல இருக்கறவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"கோயிலுக்குள்ள நான் வரல. மலை கோயிலுக்குச் சொந்தமில்ல" என்றான் இளவரசன். "கடைசி ஆளா வரேன். வேற யாருக்குனா அந்த இடம் வேணுமா?"

ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் நடப்பவர் எந்தப் போட்டோவிலும் இருப்பதில்லை. அவன் டி-ஷர்ட்டை மடித்துப் பெட்டியிலேயே வைத்தான். பழைய சாம்பல் சட்டையோடு ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தான்.

செங்கல்பட்டைத் தாண்டி அந்த மலை. ஏழரைக்கு ஏறத் தொடங்கினார்கள். அதற்குள்ளேயே வெயில் பாறையைப் பிடித்துக்கொண்டது. முன்னாலிருந்து கமல் "நிக்காதீங்க!" என்று குரல் கொடுப்பான். அரக்கு முதுகுகள் எல்லாம் சேர்ந்து "ஏறிக்கினே இருங்க!" என்று திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் இளவரசன் பல்லைக் கடித்தான்.

கடைசிக்கு முன் ஆள் சிம்ரன். பட்டுக்கடையில் ஆன்லைன் ஆர்டர் பார்க்கிற பெண், இருபத்துநாலு வயது. இதுதான் அவளுக்கு முதல் மலை. மூன்றாவது திருப்பத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"உக்காருமா."

"இல்லண்ணா, எல்லாரும் போயிட்டாங்க. நிக்கக்கூடாதுன்னு அக்காவே…"

"உக்காரு. காலைல சாப்ட்டியா?"

"இல்ல. மலை ஏறும்போது வயிறு காலியா இருந்தா ஈஸின்னு யூடியூப்ல…"

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தான். பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அவள் அவசரமாகக் குடித்தாள். தண்ணீர் பாதி சட்டையில் கொட்டியது. முதல் வாய் விழுங்கியதுமே குமட்டினாள்.

"கீழ போயிடலாம்" என்றான்.

அதற்குள் கமல் நாலு திருப்பம் இறங்கி வந்துவிட்டான். பின்னால் கிறிஸ்டோபரும் வந்தான். மற்றவர்கள் மேலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"சிம்ரன், இன்னும் நாப்பது நிமிஷம்தான். எல்லாம் மனசுலதான் இருக்குது. அண்ணியை நெனச்சுக்கினு எழுந்திரு."

சிம்ரன் எழப் பார்த்தாள். இளவரசன் அவளுக்கும் கமலுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அவளை நெனச்சா இந்தப் பொண்ணு திரும்பணும். இந்த இடத்துல அவ இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் பாதி இறங்கியிருப்பாங்க. உனக்கே தெரியும்."

"இன்னைக்கு மட்டும் ப்ரோ. நினைவு நடை. ஒருத்தர் விடாம மேல நிக்கணும்னு ஆசைப்பட்டேன்."

"இருபது பேர் நில்லுங்க. நாங்க ரெண்டு பேர் இறங்கறோம். மேல போயி அந்த வாசகத்தைச் சொல்லாத. சொல்லியே தீரணும்னா, கமல் சொன்னதுன்னு சொல்லு."

கமலின் முகம் சுருங்கிப் போனது. "எனக்கும் அவங்க வேணும் ப்ரோ. நாலு வருஷம் கூட நடந்தவன் நான். ஏதோ ஒண்ணு வெச்சுக்கலாம்னு பாத்தேன்."

கிறிஸ்டோபர் டி-ஷர்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டான். கழுத்துக்குப் பின்னால் அளவுச்சீட்டு துருத்திக்கொண்டு நின்றது.

"அப்போ இன்னாதான் சொன்னாங்க?" என்று கேட்டான் கமல். "அதையாவது சொல்லுங்க."

இதே கேள்வியைத் தீபிகாவின் அம்மா கேட்டிருந்தார். அலமு கேட்டிருந்தாள். அலுவலகத்தில் பெயர் தெரியாதவர்கள்கூடக் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. அவனிடம் இருந்தது பெரிதில்லை. அதனால் பத்து மாதமாக வாயைத் திறக்கவில்லை. வாய் திறக்காத இடத்தில்தான் இந்த மஞ்சள் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

சிம்ரனின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். மேலே நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"ஆஸ்பத்திரி மூணாவது மாடி. மத்தியானம் மூணு மணி. மழைக்கு முன்னாடி காத்து அடிச்சுது. உங்க யாரையும் பத்தி அவ பேசல. மலையைப் பத்திப் பேசல. என்னைக்கூடப் பாக்கல, அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தா. அதுக்கப்புறம் பேசவே இல்ல. அவ சொன்னது இதுதான், வேணும்னா எழுதிக்குங்க: 'அந்த ஜன்னல் அடிச்சிக்கினே இருக்குதுபா. பேப்பர் எதுனா மடிச்சி சொருவு.'"