பாறைத் திட்டில் ஒரு ரோவன்

மூன்றாம் நாளும் செம்மறி அங்கேயே நின்றது. செங்குத்துப் பாறையின் நடுவே, உச்சியிலிருந்து ஆறு ஆள் ஆழத்தில், ஒரு கட்டில் அகலத்துக்குத் திட்டு. அதில் ஒரு ரோவன் மரம். பச்சையைப் பார்த்து ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கிய ஆட்டுக்குத் திரும்பி ஏற வழியில்லை.

இஷ்பெல் சமையலறை ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தாள். திட்டில் புல் தீர்ந்துவிட்டது. எட்டிய இலைகளும் தீர்ந்து, ஆடு பட்டையை உரித்துக்கொண்டிருந்தது. அந்த மலையில் வேறு மரம் கிடையாது. முளைப்பதையெல்லாம் மானும் ஆடும் தின்றுவிடும். எந்த வாயும் எட்டாத இடத்தில் பறவை எச்சத்தில் விழுந்த இந்த ஒன்று மட்டும் பிழைத்து, அக்டோபர்தோறும் சிவப்பாகப் பழுத்தது. இப்போது அதற்கும் ஒரு வாய் எட்டிவிட்டது.

“கால் மடங்குதா?” என்று மேசையிலிருந்து அவள் கணவன் ஃபார்க்கர் கேட்டான். கோப்பையை இரு கைகளாலும் பிடித்திருந்தான். அப்படியும் தேநீர் சிந்தியது.

“இல்ல. நல்லாத்தான் நிக்குது.”

“அப்ப நாளைக்குப் பாக்கலாம்.”

தெம்போடு நிற்கும் ஆட்டின் அருகே ஆள் இறங்கினால் அது மிரண்டு வெளியே பாய்ந்துவிடும். பட்டினியில் தளர்ந்து படுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் கயிற்றில் இறங்கிக் கட்டித் தூக்க முடியும். முப்பது ஆண்டுகளில் ஃபார்க்கர் பதினொரு ஆடுகளை அப்படி ஏற்றியிருக்கிறான். கை நடுக்கம் தொடங்கிய பின் இதுதான் முதல் ஆடு.

“நீல் எறங்கட்டும்” என்றாள். பள்ளத்தாக்கில் அவர்களுக்கு இருந்த ஒரே அண்டைவீட்டுக்காரன் நீல்.

“அவனா? ஏணியில ஏறுனாலே கண்ண மூடிக்குவான். மேல நின்னு கயித்தப் புடிச்சாப் போதும்.”

“உன் சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டுவிடுறேன், ஃபார்க்கர்.”

“கயித்துக்கு ஏது பொத்தான்?” சிரித்தான்.

“முடிச்சு இருக்கே.”

அவன் கோப்பையை வைத்தான். “ரோவன் காவல் மரம். அதுக்கடியில நிக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்ப ஒரு கிளைய ஒடிச்சு நீயும் பையில வெச்சுக்கோ.”

“அத ஒடிக்கக் கூடாதுடி.”

பிற்பகலில் கொட்டகைக் கதவிடுக்கில் அவனைப் பார்த்தாள். பல்லால் கயிற்றைக் கடித்து முடிச்சிட்டான். இழுத்துப் பார்த்தான். அவிழ்ந்தது. மறுபடி போட்டான். அவன் திரும்புமுன் அவள் நகர்ந்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை ஆடு படுத்திருந்தது. மாத்திரைத் தூக்கத்தில் கிடந்த ஃபார்க்கரை அவள் எழுப்பவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு, நாயைக் கட்டிவிட்டுக் கிளம்பினாள்.

உச்சிக்கு ஒரு மணி நேரமாயிற்று. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். ஆடு முன்கால்களை மடக்கி, மரத்தின் வேர்மேல் தாடையை வைத்திருந்தது. அவளைக் கண்டும் எழவில்லை. அவ்வளவு தளர்ந்திருந்தது. ஃபார்க்கர் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது. இப்போது யார் இறங்கினாலும் தூக்கிவிடலாம், கை நடுங்காத யாராக இருந்தாலும்.

அவள் எறிந்த முதல் கல் மரத்தில் பட்டுப் பழங்கள் உதிர்ந்தன. இரண்டாவது முதுகில் பட்டது. மூன்றாவதற்கு எழுந்து நின்றது. நான்காவதற்குப் பாய்ந்தது.

மதியம் மூவரும் பாறையடியில், செத்துக் கிடந்த ஆட்டருகே நின்றார்கள். கயிற்றுச் சுருள் ஃபார்க்கரின் தோளில் இருந்தது.

“இன்னும் தெம்பு இருந்திருக்கும் போல” என்றான் நீல்.

“இல்ல. காலையில எழுந்ததும் ஜன்னல்லேர்ந்து நானும் பாத்தேன்” என்றான் ஃபார்க்கர். “படுத்த ஆடு தானாக் குதிக்காது.”

“கழுகு ஏதாவது மிரட்டியிருக்கும்.”

“கழுகு” என்றான் ஃபார்க்கர். இஷ்பெல்லின் பக்கம் திரும்பவில்லை.

காதிலுள்ள அடையாளத் தகட்டை அறுக்க மண்டியிட்டான். கத்தி கம்பளியில் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. நீல் உதவக் கை நீட்டினான். இஷ்பெல் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மேலே, கடல் தாண்டி வந்த பூங்குருவிகள் ரோவனில் இறங்கிச் சத்தமிட்டுத் தின்றன. கீழே கத்தி இன்னும் காதைத் தேடிக்கொண்டிருந்தது.