நார்மனின் மனைவி

நார்மன் செத்த பிறகுதான், மேவிஸ் அவன் மனைவி இல்லை என்பது எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. மேவிஸுக்கே அப்போதுதான் தெரியும்.

இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி ஊரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மோதிரம் மாற்றாமல் குடும்பம் நடத்துகிறவர்கள்தான். சில வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டால் சட்டமே மனைவியாக்கிவிடும், அதற்கு 'காமன் லா வைஃப்' என்று பெயர் என்று எல்லோரும் அடித்துச் சொல்வோம். எந்தச் சட்டம் என்று ஒரு கழுதையும் கேட்டதில்லை.

"அப்படி ஒரு சட்டமே கிடையாதுங்க. உயிலும் இல்லைங்களா? அப்ப கல்யாணம் பண்ணிக்கிட்ட அம்மாதான் கையெழுத்துப் போடணும்," என்றார் இறுதிச் சடங்குக் கடைக்காரர்.

அந்த அம்மா ஐரிஸ். எப்போதோ ஒரு லாரி டிரைவரோடு லிங்கன் நகரத்துக்கு ஓடிப்போனவள். விவாகரத்து வாங்கச் சோம்பல்பட்டான் நார்மன். மடையன்! ஐரிஸ் வந்தாள், கையெழுத்துப் போட்டாள், தகனம் முடிந்தது. அஸ்தியும் அவளுக்குத்தான் என்றார்கள். மேவிஸுக்கு வீடு, சாமான் எதுவும் பெரிதில்லை. அஸ்தி மட்டும் வேண்டும்.

அஸ்தி வாங்கும் நாளில் நானும் மேவிஸோடு போனேன். ஐரிஸ் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் மூவருக்கும் டீ கொடுத்தார்.

"நீதானே விட்டுட்டு ஓடுன? இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி கேக்குற?" என்றேன் ஐரிஸிடம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

ஐரிஸ் கோபப்படவில்லை. "போன வருஷம் என் ஆளு செத்தாரு. அவருக்கும் ஊர்ல ஒரு பொண்டாட்டி இருந்தா. அவ வந்து அஸ்திய எடுத்துட்டுப் போயிட்டா. சடங்குக்குக்கூட என்னை உள்ள விடல," என்றாள்.

"அப்ப அந்த வலி உனக்குத் தெரியுமே. இவகிட்ட குடுத்துடு."

"தெரியும். அதான் குடுக்க மாட்டேன். எனக்கும் ஒருத்தர் வேணும்ல?"

மேவிஸ் அழுது கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். அஸ்திப் பெட்டியை ஐரிஸ் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பஸ் வந்து நின்றது. ஐரிஸ் ஏறப் போகும்போது மேவிஸ் அவள் கையைப் பிடித்தாள்.

"ஜன்னல் பக்கம் வெச்சுடாத, கண்ணு. அவருக்குக் குளிர் ஆகாது."