ஒரே உயரத்தில் இரண்டு பொட்டுகள்

புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் சோதனைத் தகடு பச்சையாக ஒளிர்ந்தது. வலி மாத்திரைகளைப் பிரித்தறியும் வேதியியல் செய்முறை வகுப்பு. அடியில் பென்சில் கோட்டில் வைத்த மருந்துகள், கரைப்பானோடு மேலேறி, ஒவ்வொன்றும் தனக்கான உயரத்தில் கரும்பொட்டாக நின்றிருந்தன. ஓரத்தில் இருந்தது மாணவி நாகஜோதி வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டுவலிச் சூரணம். மூலிகைச் சாறெல்லாம் கறையாக இழுபட்டிருக்க, டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரை நின்ற அதே உயரத்தில் அதிலும் ஒரு பொட்டு.

"மேடம், அதுதானே இது?" நாகஜோதி தாழ்ந்த குரலில் கேட்டாள். "அம்மாவுக்குக் கருப்பா வெளிக்குப் போகுது. வயித்துல புண்ணுங்கிறாங்க. வலி மாத்திரை திங்கிறீங்களான்னு டாக்டர் கேட்டதுக்கு, நாட்டு மருந்து மட்டுந்தான்னு சொல்லிட்டாங்க."

ஆசிரியை லிடியா மேசைமேல் கிடந்த மஞ்சள் சூரணப் பொட்டலத்தைப் பார்த்தாள். அதன் வாயில் குறுக்காக அடித்த இரண்டு ஸ்டேப்ளர் பின்கள். அவள் கணவன் பிராங்கிளின் பேகம்பூர்ப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, டிவி பார்த்துக்கொண்டே அந்தப் பின்களை அடிப்பவள் அவள்தான். குடித்த அன்றே வலி போய்விட்டது என்று ஊரே சொல்லும்போது, வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராமல் பார்த்துக்கொண்டாள்.

"தகட்டுல கை பட்டு எல்லாம் கலந்துபோச்சு. வெளிச் சாமானை லேபுக்குக் கொண்டு வராத," என்றாள்.

நாகஜோதி எதிர்த்துப் பேசவில்லை. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் நம்பிவிட்டதுதான் லிடியாவால் தாங்க முடியாததாக இருந்தது.

எல்லோரும் போனபின் தனியாக இன்னொரு தகட்டில் அந்தச் சூரணத்தைச் சோதித்தாள். பொட்டு அதே இடத்தில் வந்து நின்றது.

இரவு சாப்பாட்டின்போது கணவனிடம் கேட்டாள். "அந்த மூட்டுவலிச் சூரணத்துல என்னங்க கலக்குறீங்க?"

பிராங்கிளின் தயங்கவே இல்லை. "எல்லாரும் போடுறதுதான். மாத்திரையைப் பொடிச்சுக் கொஞ்சூண்டு. வெறும் வேரையும் பட்டையையும் குடுத்தா எவன் திரும்பி வருவான்?" பிறகு, உண்மையான ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தான். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீ படிச்சதே அதானே?"

லிடியா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை லிடியா நாகஜோதியின் ஊரான சித்தையன்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். மேடம் வந்திருப்பதைப் பார்த்ததும் நாகஜோதியின் தாய் ஜக்கம்மாள் சட்டென்று எழுந்து, நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். முழங்கால் தடையில்லாமல் மடங்கியது. முகம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

லிடியா உட்காரவில்லை. "அந்தச் சூரணத்தை இன்னையோட நிறுத்திருங்கம்மா. அதுல வலி மாத்திரை கலந்திருக்கு. டாக்டர்ட்ட இதைக் கட்டாயம் சொல்லணும். எங்க வீட்டுக்காரர் கடைச் சரக்குத்தான் அது. நேத்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒங்க மகள்ட்ட பொய் சொன்னேன்."

வாசற்படியில் நின்ற நாகஜோதி தலை குனிந்தாள். பொய் சொன்னவள் தானே என்பதுபோல.

ஜக்கம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "அப்ப, வலி திரும்பவும் வந்துருமா தாயி?"

லிடியா ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தது. படியிறங்கும்போது ஜக்கம்மாளுக்குத் தலை சுற்ற, பக்கத்தில் நின்ற லிடியாவின் தோளைப் பற்றிக்கொண்டாள். லிடியா உடம்பைத் தாழ்த்திக் கொடுத்தாள். நாகஜோதி நடுவில் வந்து, தாயின் கையை மெதுவாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும், லிடியா ஒரு தோள் தாழ்ந்தபடியே அந்தப் படியில் நின்றிருந்தாள்.