ரேடாரை எங்கே மாட்டுவது

"பாய்மரத்துல வேண்டாம். பின்னாடி ஒரு கம்பம் நட்டு அதுல மாட்டு" என்று கணவர் நாலாவது முறையாகச் சொன்னபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

மனிதர் பிடிவாதம் பிடித்தால் யானை கட்டி இழுத்தாலும் நகரமாட்டார்தான். ஆனால் இது என்ன கூத்து! போன மாதம் மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பல் உரசுகிற மாதிரி கடந்துபோனதில் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ரேடார் இல்லாமல் இனிக் கடலுக்கே வரமாட்டேன் என்று குதித்தவர் அவர்தான். அடுத்த வாரம் தங்கள் பாய்மரப் படகில் இருவர் மட்டுமாக நீண்ட பயணம். இப்போது போய் மாட்டுகிற இடத்துக்கு வம்பு.

படகுகளுக்கு ரேடார் பொருத்துவதே பிழைப்பாக இருந்த அவள் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அத்தான், உயரத்துல இருந்தாதான் தூரத்துக் கப்பல் தெரியும்."

"மேல கனம் ஏறினா படகு சாயும். பாய் வேற உரசும்."

"என்னமோ மலையைத் தூக்கி மாட்டச் சொன்ன மாதிரி பேசுறீங்க! உரசாம இருக்க சுத்தி ஒரு வளையம் போட்டுத் தரேன். பழுதானா ஏறிப் பாக்கணும், அவ்வளவுதானே! குரங்கு மாதிரி ஏறுற ஆளு, உங்களுக்கு என்ன பயம்?"

"பயமா? எனக்கா?" அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாய்மரத்தில் ஆளை ஏற்றுவதற்காகக் கயிற்றில் தொங்கும் இருக்கையில் போய் உட்கார்ந்தார். "இழு. நானே மேல போய் அளவு எடுக்கிறேன்."

அவள் கயிற்றை உருளையில் சுற்றி இழுத்தாள். பாதி உயரத்தில் இடது கையால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கையிலிருந்த அளவு நாடா நழுவிக் கீழே விழுந்தது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. வெறும் விரல்களை மரத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

அவள் அவரை மெல்ல இறக்கினாள்.

"எவ்வளவு நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்து. கை மரத்துப்போகுது. பிடிச்சிருக்கேனா, விட்டுட்டேனான்னே தெரியல. சொன்னா பயணம் வேண்டாம்னுடுவே."

"அடப் பாவி மனுஷா!" அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. "இதுக்கா இத்தனை பொய்? ரேடார் மேலயே இருக்கட்டும். நடுக்கடல்ல பழுதானா நான் ஏறுறேன். நீங்க கீழே நின்னு கயிறைப் பிடிச்சுக்கோங்க."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தன் வலது கையைப் பார்த்தார். தம்பி வேறெங்கோ பார்த்தான்.

"அப்போ பின்னாடியே மாட்டிடவாக்கா?" என்று தயங்கிக் கேட்டான்.

"இப்ப எங்கயும் மாட்டாதே. பெட்டியிலயே வச்சு மூடு. முதல்ல இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

கணவர் குனிந்து, கீழே கிடந்த நாடாவை இடது கையால் எடுத்தார்.