பிரவுன் சோப்பு

"களிம்ப மட்டும் எடுத்தாப் போதுமுங்க. எழுத்துல கைய வெச்சுப்போடாதீங்க" என்று சலாவுதீன் கிளம்புவதற்குள் சபுரா பீவி மூன்று தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருசமாக முதலிபாளையம் தொழிற்பேட்டையில் உலோகத்துக்கு மெருகேற்றும் பஃபிங் வீலுக்கு முன்னால் நின்று தூசி குடிக்கிற மனுசனுக்குப் பெண்டாட்டி பாடம் எடுக்கிறாள்! "எனக்குத் தெரியாதா புள்ள?" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, ரெஹாலைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்தார்.

குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற மடக்குப் பலகைதான் ரெஹால். தேக்கு மரம், முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அந்தத் தகட்டில்தான் அவர்கள் மகள் அல்ஃபியா, எட்டு வயதில், காம்பஸ் முனையால் தன் பேரைக் கீறி வைத்திருந்தாள். கோணல்மாணலாக, கடைசி எழுத்து இடமில்லாமல் நசுங்கிக்கொண்டு. நல்ல பித்தளையைப் பாழாக்கிவிட்டாளே என்று அன்றைக்கு சலாவுதீன் அவளை ஒரு அறை அறைந்தார். பதிமூன்று வயதில் டெங்குக் காய்ச்சல் நாலே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. உடுப்புகளைச் சொந்தக்காரர்கள் வாங்கிப் போனார்கள், நோட்டுகளைக் கரையான் தின்றது. அவள் கையால் ஆனது என்று வீட்டில் மிச்சம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். சபுரா தினமும் விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு அதை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நாளைக்கு அவள் இறந்த இரண்டாம் வருச ஓதல். ஹஜ்ரத் வந்து அந்த ரெஹாலை வைத்துத்தான் ஓதப்போகிறார். தகடு பச்சை பூத்துக் கிடக்கிறதே என்று அவளுக்கு உறுத்தல். அதனால்தான் இத்தனையும்.

ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டில் அய்யாசாமி மட்டும் நிட்டிங் மிஷின் பாகங்கள் ஒரு கூடையை வைத்துக்கொண்டு ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். சலாவுதீன் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி எடுத்தார். மரத்தோடு சேர்த்துப் பிடித்தால் பித்தளையிலிருந்து வருகிற கருப்பு மசி மர ரேகைக்குள் ஏறிவிடும், அப்புறம் எந்த ஜென்மத்திலும் போகாது. மரத்துக்கு அவரிடம் தனி வீல் உண்டு. பனியன் வேஸ்ட்டில் சுத்தக் காட்டனை மட்டும் பொறுக்கித் தைத்தது. லைக்ரா கலந்த துண்டு ஒன்று தப்பி விழுந்தாலும் சூட்டில் உருகி மரத்தில் அப்பிக்கொள்ளும். மெழுகை லேசாகத் தொட்டு, பட்டும்படாமல் ஓட்டினார். தேக்கு தேன் நிறத்தில் கண் திறந்தது.

பிறகு தகடு. பாலிஷ் கட்டிகளை அங்கே எல்லோரும் சோப்பு என்றுதான் சொல்வார்கள். கருப்பு சோப்பு இரும்புக்கு, பச்சை எவர்சில்வருக்கு, பிரவுன் பித்தளையை வெட்டி இழைக்க, வெள்ளை கடைசி மினுக்குக்கு. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். நிறத்தை நம்புகிறவன் ஏமாளி என்பது சலாவுதீனின் கட்சி. கட்டியை நகத்தால் சுரண்டி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார். நறநறத்தால் வெட்டும், மாவாக வழுக்கினால் மினுக்கும். அன்றைக்கும் பார்த்தார். வெள்ளை வழுக்கியது. அதைத்தான் வைத்தார்.

களிம்பு பாலாடை மாதிரி விலகியது. அல்ஃபியா என்ற எழுத்து அப்படியே பளிச்சென்று நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அட, நிறுத்தித் தொலைத்திருக்கக் கூடாதா!

மூலையில் ஒரு கறை மட்டும் போகவில்லை. மூலைக்கு மட்டும்தானே என்று பிரவுனை வீலில் தடவினார். கறை போனது. அந்த நேரம் பார்த்து அய்யாசாமி, "ஏனுங்க பாய், இந்த நூல் கைடெல்லாம் நாளைக்கே டெலிவரிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, காலையில பத்து மணிக்கெல்லாம் வண்டி வந்துருமுங்க" என்று சொல்லிக்கொண்டே சலாவுதீன் தகட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நிட்டிங் மிஷின் பாகம் பஃப் செய்கிறவன் எவனும் செய்கிற சோதனை அது. நகம் தட்டினால் நூல் சிக்கும், நூல் சிக்கினால் துணி போச்சு. இருபத்திரண்டு வருசத்தில் லட்சம் தடவை ஓட்டியிருப்பார். நகம் தட்டியது. மரத்தை விட்டுக் கழன்ற தகடு அவர் கைக்கு மெருகுக்கு வந்த இன்னொரு ஜாப், அவ்வளவுதான். நகம் தட்டிய இடத்தை வீலில் கொடுத்தார். மறுபடி நகம் ஓட்டினார். இன்னும் கொஞ்சம் தட்டியது. மறுபடி கொடுத்தார். அய்யாசாமிக்கு லாரி நம்பர்கூடச் சொல்லி முடித்தார்.

மூன்றாவது தடவை நகம் எங்கும் தட்டவில்லை.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். "யா அல்லாஹ்" என்று அவர் போட்ட சத்தத்தில் அய்யாசாமி மோட்டாரை அணைத்துவிட்டு ஓடி வந்தார். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு கோடுகூட இல்லை.

அய்யாசாமிக்கு விஷயம் தெரியும். "பாத்திரக் கடையில பேரு வெட்டறவன் இருக்கானுங்க. சித்த நேரத்துல வெட்டிக் குடுத்துருவானுங்க. ஊட்டுல சொல்லோணும்னு இல்லீங்களே."

"வேண்டாமுங்க. நானே கீறிர்றன்."

கோடு கீறுகிற ஸ்க்ரைபரை எடுத்து முனையைத் தகட்டில் வைத்தார். வைத்த கை வைத்தபடியே நின்றது. 'அ' எப்படி இருந்தது? வால் நீளமாகவா, குட்டையாகவா? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கோணல் என்று தெரிந்ததே ஒழிய எந்தக் கோணல் என்று தெரியவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உட்கார்ந்து பார்த்ததில்லை அந்தப் பாவி மனுசன். ஸ்க்ரைபரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மசிக் கையாலேயே பொத்திக்கொண்டு அழுதார்.

தகட்டை மறுபடி மரத்தில் முடுக்கி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தபோது சபுரா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ரெஹாலை வாங்கினாள். அவள் கட்டைவிரல் தானாகத் தகட்டுக்குப் போனது. இடமிருந்து வலமாக ஒரு தடவை போனது. நின்றது. மறுபடி முதலிலிருந்து போனது. ஓரத்தில் தேடியது, மேலே தேடியது.

"சபுரா, நாந்தான்... மூலையில ஒரு கறை... கை என்னையறியாம..." என்று இழுத்தார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

அவளோ தகட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"நல்லாப் பளபளன்னு இருக்குதுங்க" என்றாள். "கடையில வாங்குனாப்ல." பிறகு, "நாளைக்கு ஓதி முடிஞ்சதும் ஹஜ்ரத்துகிட்டயே குடுத்துருங்க. மதரஸாவுல ஏதாச்சும் ஒரு புள்ள வெச்சு ஓதட்டும். இனி இது யாருகிட்ட இருந்தா என்னங்க" என்றாள்.

ரெஹாலை மடக்கி, நாளைக்கு ஓதல் சோறு கொடுத்தனுப்ப வேண்டிய தட்டுகளோடு சேர்த்து வாசல் பக்கம் வைத்துவிட்டு, விட்ட அரிசியைக் களையப் போனாள்.